குப்பையை அனுப்புங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று அக்கா எல்லாரிடமும் சொல்வாள். அவள் நடத்தும் பியூட்டி பார்லருக்குப் புருவம் திருத்திக்கொள்ள வருகிறவர்களுக்குக்கூட இது தெரியும். இதற்கு முன்னால் நான் பார்த்த இரண்டு வேலைகளையும் அந்தக் கோபம்தான் சாப்பிட்டது. மூன்றாவது, இந்த வானாய்வு மையத்து வேலை. ஒப்பந்த வேலை. வானம் பார்க்கும் சீசன் முடிந்ததும் தலைவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வீடு. "இந்த ஒண்ணையாவது விட்டு வைடி" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அந்த ஐந்து புள்ளிகள் வரும் வரைக்கும்.

என்ன புள்ளிகள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ வெறும் சண்டைக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். சண்டைக்காரிதான், ஆனால் காரணத்தோடு.

வெகு தூரத்தில் இருக்கும் சில விண்மீன் மண்டலங்களின் நடுவில் ராட்சசக் கருந்துளை ஒன்று இருக்கும். அதற்குள் விழப்போகிற பொருளெல்லாம், விழுவதற்கு முன்னால் சுழன்று சூடேறிப் பிரகாசிக்கும். அதில் கொஞ்சம் விழாமல் தப்பித்து, குழாயிலிருந்து பீய்ச்சியடிப்பது போல வெளியே பாயும். அந்தப் பாய்ச்சல் நேராக நம் பக்கம் திரும்பியிருந்தால் அதற்குப் பெயர் பிளேசார். யாரோ டார்ச் லைட்டை நம் முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி. அந்த வெளிச்சம் ஓர் அளவில் நிற்காது. சிலது வருடக்கணக்கில் ஏறி இறங்கும், சிலது ஒரே ராத்திரிக்குள். எங்கள் டெலஸ்கோப்பில் அது ஒரு வெறும் பொட்டு, வேறொன்றும் தெரியாது. அதனால் அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் உள்ளே நடப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். சட்டென்று ஏறி இறங்கினால் வெளிச்சம் வரும் இடம் சின்னது என்று அர்த்தம். பெரிய இடத்தால் அவ்வளவு வேகமாக மாற முடியாது. பாடம் இவ்வளவுதான்.

எங்கள் பிளேசாருக்கு ஒரு நீளமான எண் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. சாது என்றுதான் கூப்பிடுவோம். மற்ற பிளேசார்களெல்லாம் ஆட்டம் போடும்போது இது மட்டும் கை கட்டி நிற்கும், பாவம். எங்களுக்கு விடியும்போது வேறு ஊரில் இருட்டும் என்பதால் பல நாடுகளின் டெலஸ்கோப்புகள் கை மாற்றிக் கை மாற்றி அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து நிலையங்கள் இரண்டுக்கும் எங்களுக்கும் கொஞ்ச நேரம் ஒரே சமயத்தில் இருட்டாக இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு படம். படத்தில் சாதுவையும் அக்கம்பக்கத்து விண்மீன்களையும் ஒப்பிட்டு, அந்த நேரத்தில் அது எவ்வளவு பிரகாசம் என்று ஓர் எண். வரைபடத்தில் அந்த எண்தான் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளிகள் நேராக யாரிடமும் போய்விடாது. நடுவில் சல்லடை இருக்கிறது. சல்லடை என்பது எங்கள் தலைவர் இளவயதில் எழுதிய கணினி நிரல். எல்லா நிலையங்களும் அதைத்தான் பயன்படுத்துகின்றன, அவருக்கு அதில் பெருமை உண்டு. மேகம் வரும், விமானம் குறுக்கே போகும், செயற்கைக்கோள் ஒன்று கோடு இழுத்துவிட்டுப் போகும். அதனால் அந்த ராத்திரியின் சராசரியை விட்டு ரொம்ப விலகிய புள்ளி எதுவானாலும் சல்லடை அதைத் தூக்கிக் குப்பைக் கோப்பில் போட்டுவிடும். மிச்சத்தைச் சுத்தமான பட்டியலாக்கிக் கொடுக்கும். எல்லாரும் அந்தப் பட்டியலை மட்டும்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வோம். குப்பையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். தேடிப் போய்ப் பார்க்கவில்லை, கண் முன்னால் வந்தது. டெலஸ்கோப்பில் எனக்குப் பணி இருந்த அன்று, திரையில் எண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது சாது ஏறியது. அடுத்த படத்தில் இன்னும் ஏறியது. அடுத்ததில் உச்சம். பிறகு இரண்டு படங்களில் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கை கட்டி நின்றது. அக்கம்பக்கத்து விண்மீன்கள் எதுவும் அசையவில்லை. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் வாயே திறக்காத பிள்ளை திடீரென்று ஒரு வார்த்தை பேசிவிட்டு மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் சுத்தப் பட்டியலைத் திறந்தேன். ஐந்தும் இல்லை. சல்லடை வழித்து எடுத்துக் குப்பையில் போட்டிருந்தது. நான் குப்பையிலிருந்து அவற்றை எடுத்து, கையாலேயே பட்டியலில் திருப்பி வைத்து அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் தலைவர் கூப்பிட்டுவிட்டார்.

அவர் அறை எப்போதும் போலத்தான் இருந்தது. மேசை மேல் ஒரு காகிதம்கூடக் கோணலாக இருக்காது. பென்சில்களெல்லாம் ஒரே உயரம். பெரிய மனிதர், கெட்டவர் இல்லை. இரண்டு வேலையை விட்டவள் என்று தெரிந்தும் எனக்கு வேலை கொடுத்தவர். அதனால்தான் அன்றைக்கு நான் எழுந்து நின்று கத்தாமல் உட்கார்ந்தே பேசினேன்.

"சல்லடை எடுத்ததை நீ ஏம்மா திரும்ப வச்ச?"

"அது குப்பை இல்ல சார். அஞ்சும் வரிசையா இருக்கு. ஏறுது, இறங்குது. பக்கத்து விண்மீன் ஒண்ணுகூட ஆடல."

"கேமராவுல ஏதாவது கோளாறா இருக்கும்."

"கோளாறு சாது மேல மட்டும் வருமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு. உன் வயசுல நானும் ஒண்ணு கண்டுபிடிச்சேன். பிளேசார் வெடிச்சிருச்சுன்னு எல்லாருக்கும் தந்தி அடிச்சேன். ஒரு வாரம் தலைகால் புரியாம திரிஞ்சேன். கடைசில பார்த்தா அது விமானம். அப்புறம் ரொம்ப நாளைக்கு என்னைப் பார்த்தா எல்லாரும் ரெண்டு கையையும் ரெக்கை மாதிரி விரிப்பாங்க. அந்த அவமானத்துல எழுதினதுதான் சல்லடை. நீயும் அப்படிப் படவேணாம்னுதான் சொல்றேன்."

எனக்கு ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. ஒரே ஒரு நிமிடம்தான். "சார், உங்களுக்கு வந்தது விமானம். எனக்கு வந்தது விமானம் இல்ல" என்றேன்.

"எடுத்துடு" என்றார். பேச்சு முடிந்தது.

அடுத்த நாளே எல்லாருக்கும் கட்டுரை வந்தது. சீசன் முழுதும் சாது துளியும் அசையவில்லை, ஆகவே இதன் வெளிச்சம் வரும் இடம் மிகப் பெரியது, ஆகவே இந்த மாதிரி பிளேசார்களைப் பற்றிய தலைவரின் கொள்கை சரி என்று அழகாக எழுதியிருந்தது. ஆசிரியர் வரிசையில் என் பெயரும் இருந்தது. இந்த நிலையங்களெல்லாம் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பில் ஒரு வழக்கம்: வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொருவரும் சம்மதம் என்று பதில் போட வேண்டும். பதில் போடாதவர்கள் சம்மதித்ததாக அர்த்தம். யாராவது ஒருவர் சம்மதமில்லை என்றால் விளக்கம் கேட்டுக் கூட்டம் போட்ட பிறகுதான் கட்டுரை நகரும். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எனக்கு வராத கலை.

"எனக்குச் சம்மதமில்லை. ஐந்து புள்ளிகளைக் காணவில்லை" என்று எல்லாருக்கும் போகும்படி பதில் போட்டேன்.

தலைவரின் பதில் உடனே வந்தது. அதே நேரத்தில் பக்கத்து நிலையங்கள் இரண்டும் சாதுவைப் பார்த்துக்கொண்டிருந்தன என்றும், அவற்றின் பட்டியலில் எந்த ஏற்றமும் இல்லை என்றும், ஒருவருடைய உற்சாகம் அறிவியல் ஆகிவிடாது என்றும் எழுதியிருந்தார். இதுவும் எல்லாருக்கும் போயிருந்தது. எனக்குக் காது மடல் வரை சுட்டது.

நேராக அக்காவின் பார்லருக்குப் போனேன். நாங்கள் குடியிருக்கும் அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறது. அக்கா ஒரு வாடிக்கையாளர் முகத்தில் பசை பூசிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"அஞ்சு புள்ளிக்கா வேலையை விடப்போற? என் மூஞ்சியில அதைவிட ஜாஸ்தி இருக்கு."

அந்த வாடிக்கையாளர் அம்மாவால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் காய்ந்த பசை விரிசல் விடும். தோள் மட்டும் குலுங்கியது.

"நான் விடல அக்கா. அவர்தான் விடுவார்."

"ரெண்டும் ஒண்ணுதான். வீட்டுக்கு வரப்போறது நீதானே." அவள் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குரல் மாறிவிட்டது. "நீ வேலை போயி படுக்கையில சுருண்டு கிடந்ததை ரெண்டு தடவை பார்த்துட்டேன்டி. சாப்பிடாம, பேசாம. மூணாவது தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அவர் சொல்றபடி எடுத்துட்டுப் போயேன். அந்தச் சாதுவா வந்து உன்னைக் கேக்கப்போகுது?"

"கேக்காதுக்கா. அதனாலதான் நான் கேக்கணும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பசை அவள் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டது. அதைச் சொன்னால் எனக்கும் இரண்டு விழும் என்று தெரியும், சொல்லாமல் மேலே வீட்டுக்குப் போனேன்.

போய் உட்கார்ந்து, பக்கத்து நிலையங்களின் பட்டியல்களைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் தப்புக் கண்டுபிடித்துச் சண்டை போடத்தான் திறந்தேன். ஒரு நிலையத்தில் இருப்பவரைத் தாடி என்போம். திரையில் பாதி தாடிதான் தெரியும். இன்னொன்றில் ஓர் அம்மா, எப்போதும் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பெயர் தொப்பியம்மா. இரண்டு பேர் பட்டியலையும் வரைந்து பார்த்தேன். தலைவர் சொன்னது சரிதான், ஏற்றமே இல்லை. கோடு நேராகப் போனது.

கோடு நேராகப் போனது சரி. கோட்டை அழித்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது. என் ஐந்து புள்ளிகள் விழுந்த அந்த நேரத்தில் தாடியின் பட்டியலில் ஒரு புள்ளிகூட இல்லை. முன்னால் இருக்கிறது, பின்னால் இருக்கிறது, நடுவில் காலி. தொப்பியம்மா பட்டியலிலும் அதே நேரத்தில் காலி. கணினி அந்தக் காலியின் மேல் ஒரு நேர்கோட்டைப் போட்டுப் பூசி மெழுகியிருந்தது. சாது அமைதியாக இருந்ததாக அவர்கள் யாரும் சொல்லவே இல்லை. அவர்கள் அந்த நேரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு நாட்டில், இரண்டு டெலஸ்கோப்புகள், ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம்? யாரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சல்லடை. எல்லார் வீட்டிலும் ஒரே சல்லடை. ஒவ்வொருவரும் தன் வீட்டை மட்டும் பெருக்கி, குப்பையை வெளியே கொட்டிவிட்டு, சுத்தமான வீட்டை மற்றவருக்குக் காட்டியிருக்கிறோம். மூன்று பேர் குப்பையும் ஒரே குப்பையா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

உடனே எல்லா நிலையங்களுக்கும் எழுதினேன். நீட்டி முழக்கவில்லை. "தயவுசெய்து உங்கள் குப்பையை அனுப்புங்கள்." அவ்வளவுதான்.

கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது. பதிலே இல்லை. அலுவலகத்தில் மட்டும் எனக்குக் குப்பை என்று பெயர் வந்துவிட்டது. "என்ன குப்பை, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்கள். ஆச்சு, நல்லாவே சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

தொப்பியம்மாவைத்தான் முதலில் திரையில் பிடித்தேன். "குப்பைக் கோப்பை நாங்க வச்சுக்கிறதே இல்லையேம்மா, அன்னன்னிக்கே அழிச்சுடுவோம்" என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததைப் பார்த்துவிட்டு, "இரு இரு, படம் இருக்கு. படத்தை நாங்க அழிக்கிறதில்ல. சல்லடை இல்லாம மறுபடி அளந்து பார்க்கிறேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமான்னு தெரியாது" என்றார்.

தாடி பேசத்தான் செய்தார், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"என்கிட்ட இருக்கு. ஆனா நான் அனுப்பினா உங்க தலைவருக்குப் பிடிக்காது. அடுத்த சீசன்ல எனக்கு டெலஸ்கோப் நேரம் கிடைக்கணும்னா அவர்தான் பரிந்துரைக்கணும். உங்களுக்குத் தெரியாதது இல்ல."

"எனக்கு வேலையே அவர் கையெழுத்துலதான் இருக்கு சார்."

"அது உங்க தைரியம். எனக்கு அவ்வளவு இல்ல" என்றார். வெட்கப்படாமல் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் போனை வைத்த பிறகு அந்தத் தாடியைப் பிடித்து இழுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. சம்மதம், சம்மதம், சம்மதம் என்று பதில்கள் வந்துகொண்டே இருந்தன. மத்தியானம் கூட்டம். விளக்கம் நான் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டு காலி இடமும் என் ஐந்து புள்ளிகளும். காலி இடத்தை வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது. அன்றைக்கு மேகம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார் தலைவர். சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவையும் அக்காவை அழவிடப்போகிறேன் என்று நினைத்தபோது எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பின்வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்த கையோடு என் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தாடியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வணக்கம்கூட இல்லை. இணைப்பில் ஒரு கோப்பு, அதன் பெயர் குப்பை.

உடனே அதை வரைந்தேன். தாடியின் குப்பையில் ஏகப்பட்டது கிடந்தது, மேகம், விமானம் எல்லாம். ஆனால் அந்தக் காலி நேரத்தில் மட்டும் ஒழுங்காக ஒரு வரிசை. ஏற்றம், உச்சம், இறக்கம். அதை என் ஐந்து புள்ளிகளின் மேல் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. என் உச்சமும் அவர் உச்சமும் ஒரே நேரம். நான் மேசையை ஓங்கித் தட்டினேன். பக்கத்து அறையில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று போய்விட்டார்.

கணினித் திரையில்தான் கூட்டம். தலைவர் சுருக்கமாகத் தொடங்கினார். "நம்ம சக ஊழியருக்கு அஞ்சு புள்ளி மேல பாசம். சொல்லட்டும், கேப்போம்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் முதலில் அந்தக் காலி இடங்களைக் காட்டினேன்.

"இது மேகம்" என்றார் தலைவர், நான் நினைத்தபடியே.

"ரெண்டு நாட்டுலயும், ஒரே நேரத்துல, நான் ஏற்றத்தைப் பார்த்த அதே நேரத்துலயா சார்?"

"தற்செயல்."

"சரி, தற்செயல்" என்று சொல்லிவிட்டுத் தாடியின் புள்ளிகளை மேலே வைத்தேன்.  திரையில் தாடி தன் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அங்க பக்கத்து விண்மீன் ஆடுச்சா?" என்று தாடியைக் கேட்டார். குரலில் அதிகாரம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

"ஆடல" என்றார் தாடி. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

அப்போதுதான் தொப்பியம்மா திரையில் வந்தார். தாமதத்துக்கு மன்னிக்கணும், இப்போதுதான் அளந்து முடித்தேன் என்று சொல்லித் தன் படத்தைத் திரையில் போட்டார். மூன்றாவது தடவையாக அதே மேடு.  ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகள் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

தலைவர் தன் கேமராவை அணைத்தார்.  கூட்டம் அப்படியே கலைந்தது. சாயங்காலம் அவரிடமிருந்து எல்லாருக்கும் ஒரு வரி வந்தது: "கட்டுரை நிறுத்தப்படுகிறது. எல்லாரும் குப்பையை அனுப்பவும்."

வந்து குவிந்தது. அந்த சீசன் முழுக்க சாது அடிக்கடி துள்ளியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சின்னத் துள்ளல், சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்குவது. ஒவ்வொரு தடவையும் நாங்கள் எல்லாரும் ஒற்றுமையாக அதைக் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டியிருக்கிறோம். அது சாதுவே இல்லை. நாங்கள்தான் அதைச் சாதுவாக்கி வைத்திருந்தோம். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

அடுத்த வாரம் என் வேலைக் கடிதம் வந்தது. நிரந்தரம். அக்காவிடம் கொடுத்தேன். பார்லரில் யாரும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கத்திலேயே அழுதுவிட்டாள். "போடுடி, இப்பவே கையெழுத்துப் போடு" என்று பேனாவைத் தேடினாள்.

"கடைசி வரியைப் படி அக்கா."

அக்கா சத்தமாகப் படித்தாள். "பணியாளர், கூட்டமைப்பின் மற்ற உறுப்பினர்களுடன் தலைவர் வழியாக மட்டுமே தொடர்புகொண்டு, எல்லா நேரங்களிலும் நிதானமான, சீரான நடத்தையைக் கடைப்பிடிக்க வேண்டும்." மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தாள். உதடு அசைந்தது.

நான் காத்துக்கொண்டிருந்தேன். போடு என்று அவள் சொன்னால் போட்டுவிடுவது என்று அன்றைக்கு உண்மையாகவே முடிவு செய்திருந்தேன். அவளுக்காக அந்த ஒரு தடவை.

"இவர் யாருடி உன்னை நிதானமா இருக்கச் சொல்ல?" என்றாள் அக்கா. "நான்ல சொல்லணும் அதை? கூடப் பிறந்து இத்தனை வருஷமா நானே சொல்லி நடக்கல, இவர் காகிதத்துல எழுதினா நடந்துருமா?" பேனாவை என் கையில் திணித்தாள். "அடி."

"வேலை போனாலும் போயிரும் அக்கா."

"போனா போகட்டும். சுருண்டு படுத்தேன்னா நான் வந்து உதைச்சு எழுப்புறேன். அடிடி."

அடித்தேன். ஒரே கோடு, அந்த வரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். கீழே கையெழுத்துப் போட்டு மறுநாள் காலையில் தலைவரின் மேசையில் வைத்தேன், கோணலாக.

அவர் முதலில் அதை நேராக்கினார். பிறகு படித்தார். கடைசிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இந்த வரியை அடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"எந்தத் தைரியத்துல?"

"நீங்க இத்தனை வருஷமா எத்தனையோ புள்ளியை எடுத்துப் போட்டிருக்கீங்க. நான் ஒரே ஒரு வரியைத்தான் சார் எடுத்தேன்."

 நான் நின்றுகொண்டேதான் இருந்தேன், அன்றைக்கு உட்காரவில்லை. போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, மேசையில் இருக்கும் என் சாமான்களை எந்தப் பையில் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும்" என்றார். "அதுகூடத் தெரியாதா? போடு."

போட்டேன்.

"நீங்களும் போடணும் சார். அப்பத்தான் செல்லும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் போட்டார்.

"தேதி போடல சார்."

தேதியையும் போட்டார். "இப்ப வெளிய போறியா?" என்றார்.

போனேன்.